தரையில் நிற்கும் வானூர்திகளில் நிலைமின்சார ஆபத்துகள்

வானூர்தி நிலையத்தில் நிறுத்தப்பட்டுள்ள வானூர்திக்கு எரிபொருள் நிரப்புதல், கழுவுதல், பழுதுபார்த்தல் போன்ற பணிகள் நடக்கும்போது, அதன் உடலிலும் அருகிலுள்ள வண்டிகளிலும் பணியாளர்கள் மீதும் எரிபொருளிலும் மின்னூட்டம் சேரக்கூடும். அந்த மின்னூட்டம் பொறியாகப் பாய்ந்து எரிபொருள் ஆவியைப் பற்றவைப்பதும், நுண்மின்னணுக் கருவிகளைக் கெடுப்பதும் நிலைமின்சார ஆபத்துகள் ஆகும். தலைமுடியைச் சீவிய சீப்பு காகிதத் துண்டுகளை ஈர்ப்பதற்குக் காரணமான அதே மின்சாரம்தான் இங்கும் செயல்படுகிறது. ஆனால் அருகில் பல ஆயிரம் லிட்டர் எரிபொருள் இருப்பதால் விளைவு வேறாகிறது.

இந்த ஆபத்தைத் தடுக்கும் முறைகள் எளியவை. ஒரு செம்புக் கம்பி, ஒரு கிளிப், சரியான வரிசை, சிறிதளவு வேதிச் சேர்மம் ஆகியவையே அவற்றில் முதன்மையானவை. எது எந்த மின்னூட்டத்தைப் போக்குகிறது என்பதைத் தெரிந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பாடநூல் கேள்வியும் அதன் விடையும்

என்.சி.இ.ஆர்.டி. 12ஆம் வகுப்பு இயற்பியல் நூலின் நிலைமின்னியல் பகுதியில், வானூர்தியின் ரப்பர் டயர்கள் சிறிதளவு மின்கடத்தும் தன்மையுடன் செய்யப்படுவது ஏன் என்ற கேள்வி உண்டு. உராய்வினால் சேரும் மின்னூட்டம் டயர் வழியாகத் தரைக்குச் செல்ல வேண்டும், இல்லையெனில் பொறி தோன்றித் தீப்பிடிக்கலாம் என்பது அதன் விடை. தேர்வுக்கு இந்த விடை போதும்.

விமானம் நிற்கும் தளத்தில் பணிபுரிபவருக்கு இது மட்டும் போதாது. அங்கே மூன்று வகையான மின்னூட்டங்கள் உள்ளன. வானூர்தியின் உலோக உடலில் சேர்வது முதலாவது. வானூர்தி, எரிபொருள் லாரி, ஹோஸ் குழாயின் நாசில், மனிதர் ஆகிய தனித்தனிப் பொருள்களுக்கு இடையே மின்னழுத்த வேறுபாடாகத் தோன்றுவது இரண்டாவது. ஓடிவரும் எரிபொருளுக்குள்ளேயே இருப்பது மூன்றாவது. மின்கடத்தும் டயர் முதல் வகைக்கு மட்டுமே நேரடி விடை. மற்ற இரண்டுக்கும் வேறு வழிகள் தேவை.

மின்னூட்டம் எங்கிருந்து வருகிறது?

பறக்கும்போது: தூசி, மழைத்துளி, பனித்துகள் ஆகியவை வேகமாக மோதுவதால் வானூர்தியின் மேற்பரப்பு மின்னூட்டம் பெறுகிறது. இறக்கை, வால் ஆகியவற்றின் பின்விளிம்பில் பென்சில் அளவில் மெல்லிய குச்சிகள் நீட்டிக்கொண்டிருப்பதைப் படங்களில் காணலாம். இவை நிலைமின் வெளியேற்றிகள். கூர்முனைச் செயல்பாடு எனப் பாடத்தில் படிப்பது இங்கே பயன்படுகிறது. குச்சிகளின் நுனி வழியாக மின்னூட்டம் சிறிது சிறிதாகக் காற்றில் கசிவதால் வானொலித் தொடர்பில் இரைச்சல் குறைகிறது. எஞ்சிய மின்னூட்டம் தரையிறங்கிய பின் டயர் வழியாகச் செல்கிறது.

நிற்கும்போது: வறண்ட காற்றும் தூசியும் உடலின் மீது வீசும்போது மின்னூட்டம் சேரும். தலைக்கு மேல் இடிமேகம் நின்றால் மின்தூண்டல் மூலமும் வானூர்தி மின்னூட்டம் பெறும்.

எரிபொருள் ஓடும்போது: குழாயிலும் வடிகட்டியிலும் எரிபொருள் பாயும்போது மின்னூட்டங்கள் பிரிகின்றன. தரைப்பணிகளில் மிக முக்கியமான மூலம் இதுவே.

மனிதர் நடக்கும்போது: பாலியெஸ்டர் போன்ற செயற்கை இழை உடையும் மின்கடத்தாத அடி கொண்ட காலணியும் அணிந்து நடப்பவரின் உடலில் சில ஆயிரம் வோல்ட் வரை மின்னழுத்தம் ஏறலாம்.

துடைக்கும்போது: உலர்ந்த துணியால் பிளாஸ்டிக் சன்னலைத் தேய்த்தாலும், பிளாஸ்டிக் உறையை வேகமாக உரித்தாலும் மின்னூட்டம் தோன்றும்.

பொறியின் ஆற்றல்: ஒரு சிறு கணக்கு

எரிபொருள் ஆவியும் காற்றும் ஏற்ற விகிதத்தில் கலந்திருந்தால், அதைப் பற்றவைக்க ஏறத்தாழ 0.25 மில்லிஜூல் ஆற்றல் போதும். மனித உடலின் மின்தேக்குத்திறனை 200 பைக்கோஃபாரட் என்றும், உடலின் மின்னழுத்தத்தை 5000 வோல்ட் என்றும் கொள்வோம்.

ஆற்றல் = ½ × மின்தேக்குத்திறன் × மின்னழுத்தத்தின் இருமடி

இதன்படி உடலில் சேமிக்கப்பட்டுள்ள ஆற்றல் 2.5 மில்லிஜூல். இது தேவையானதைப் போல் 10 மடங்கு. இதே வாய்பாட்டைத் திருப்பிப் போட்டுப் பார்த்தால், 0.25 மில்லிஜூல் ஆற்றலுக்கு ஏறத்தாழ 1600 வோல்ட் போதும் என்று தெரியும். சேமித்த ஆற்றல் முழுவதும் பொறிக்குச் செல்வதில்லை, ஒரு பகுதி உடலின் மின்தடையிலேயே செலவாகிவிடும். ஆயினும் ஓர் உண்மை இங்கே கவனிக்கத்தக்கது. விரல் நுனியில் சுள்ளென்று உணர்வதற்குப் பொதுவாக 3000 வோல்ட் அளவாவது வேண்டும். அதாவது, நம் உடலால் உணர முடியாத மின்னிறக்கமும் ஆவியைப் பற்றவைக்கும் எல்லைக்கு அருகில் இருக்கலாம். "எனக்கு ஷாக் எதுவும் அடிக்கவில்லை, அதனால் மின்னூட்டம் இல்லை" என்று முடிவு செய்வது தவறு.

வானூர்தி எரிபொருளும் நம் ஊர் வெயிலும்

பயணிகள் விமானங்களில் பயன்படும் ஜெட் ஏ-1 எரிபொருள் மண்ணெண்ணெய் வகையைச் சேர்ந்தது. தீப்பொறி பட்டால் பற்றும் அளவுக்கு ஒரு திரவம் ஆவியைத் தரத் தொடங்கும் வெப்பநிலையைத் தீப்பற்று நிலை என்பர். ஜெட் ஏ-1 எரிபொருளுக்கு இது 38 டிகிரி செல்சியசுக்குக் குறையக் கூடாது என்பது தர விதி. பிஸ்டன் எஞ்சின் பொருத்திய சிறு பயிற்சி விமானங்களுக்குப் பயன்படும் ஏவ்கேஸ் பெட்ரோல் வகை. அதன் தீப்பற்று நிலை சுழியத்துக்கும் வெகு கீழே இருப்பதால் எந்தப் பருவத்திலும் அது எளிதில் பற்றும்.

மண்ணெண்ணெய் வகை என்பதால் ஜெட் ஏ-1 பாதுகாப்பானது என்ற எண்ணம் குளிர் நாடுகளில் ஓரளவு பொருந்தும். திருச்சி, புதுக்கோட்டைப் பகுதியில் அக்கினி நட்சத்திர நாள்களில் நிழலிலேயே 38 டிகிரியைத் தாண்டுவது வழக்கம். வெயிலில் கிடக்கும் கான்கிரீட் தளமும் விமானத்தின் இறக்கையும் அதைவிடச் சூடாகும். எனவே இங்கே கோடை நண்பகலில் தொட்டிக்குள் உள்ள எரிபொருள் தீப்பற்று நிலையை எட்டுவது நடக்கக்கூடியதே. மேலும், எரிபொருள் மேலிருந்து தெளித்து விழுந்து நுண்துளிப் படலமாகப் பரவினால், தீப்பற்று நிலைக்குக் கீழேயும் அது பற்றக்கூடும்.

திருக்கோகர்ணத்திலிருந்து திருச்சிக்குப் பேருந்தில் செல்பவர்கள், நகருக்குள் நுழையும் முன்பே புதுக்கோட்டைச் சாலையில் திருச்சி பன்னாட்டு வானூர்தி நிலையத்தைக் கடப்பார்கள். 2024 ஜனவரி 2 அன்று அதன் புதிய முனையம் திறக்கப்பட்டது. சிங்கப்பூர், கோலாலம்பூர், கொழும்பு, வளைகுடா நகரங்கள் என்று இங்கிருந்து புறப்படும் விமானங்களில் நம் பகுதி மக்கள் மிகுதியாகப் பயணம் செய்கிறார்கள். அந்த விமானங்களுக்கு எரிபொருள் நிரப்புபவர் நிற்பதும் இதே வெயிலில்தான்.

எரிபொருள் பாயும்போது நடப்பது என்ன?

எரிபொருளில் மிக நுண்ணிய அளவில் அயனிகள் உள்ளன. குழாயில் பாயும்போது ஒருவகை அயனிகள் குழாயின் சுவரில் ஒட்டிக்கொள்கின்றன. எதிர்வகை அயனிகள் திரவத்தோடு அடித்துச் செல்லப்படுகின்றன. இவ்வாறு ஓடும் திரவமே ஒரு சிறு மின்னோட்டம் ஆகிறது. நீரையும் தூசியையும் பிரிக்கும் வடிகட்டியில் பரப்பு மிக அதிகம் என்பதால் அங்கே மின்னூட்டம் பல மடங்கு பெருகுகிறது. எரிபொருளைத் தூய்மையாக்கும் கருவியே அதற்கு மின்னூட்டத்தையும் ஏற்றிவிடுகிறது. வடிகட்டாமலும் இருக்க முடியாது. எரிபொருளில் நீர் கலந்திருந்தால் வானில் எஞ்சின் நின்றுவிடலாம்.

இந்த மின்னோட்டம் 1 மைக்ரோஆம்பியர் என்று கொள்வோம். இது ஆம்பியரில் 10 இலட்சத்தில் ஒரு பங்கு. மின்தேக்குத்திறன் 1000 பைக்கோஃபாரட் உள்ள, தரையோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஓர் உலோகப் பொருளில் அது சேர்ந்தால், ஒவ்வொரு நொடியும் மின்னழுத்தம் 1000 வோல்ட் வீதம் ஏறும். அரை நிமிடத்தில் 30,000 வோல்ட் ஆகும். காற்றில் 1 செ.மீ. இடைவெளியில் பொறி பாய்வதற்கு ஏறக்குறைய இவ்வளவு மின்னழுத்தம் போதும்.

அதே பொருளிலிருந்து மின்னூட்டம் வெளியேற 10 இலட்சம் ஓம் மின்தடை உள்ள ஒரு பாதை இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஓம் விதிப்படி அதன் மின்னழுத்தம் 1 வோல்ட்டைத் தாண்டாது. நிலைமின்சாரத்தின் இயல்பே இதுதான். மின்னழுத்தம் மிகப் பெரியதாக இருக்கும், மின்னோட்டம் மிகச் சிறியதாக இருக்கும். ஆகவே சுமாரான பாதை ஒன்று இருந்தாலே அது வெளியேறிவிடும். ரப்பர் டயர் செம்பைப் போல் கடத்தாவிட்டாலும் பயன்படுவதற்குக் காரணம் இதுவே. ஆனால் டயரின் வகை, தளத்தின் வறட்சி, தளத்தின் மீதுள்ள வண்ணப்பூச்சு, எண்ணெய்ப் படிவு ஆகியவற்றைப் பொறுத்து அந்தப் பாதையின் மின்தடை மாறும். இருக்கிறதா இல்லையா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாத பாதையை மட்டும் நம்ப முடியாது. அதனால்தான் கம்பி தேவைப்படுகிறது.

பிணைப்பும் புவி இணைப்பும்

இவை இரண்டும் ஒன்றல்ல. இரு பொருள்களை ஒரு மின்கடத்தியால் இணைத்து அவற்றை ஒரே மின்னழுத்தத்தில் வைப்பது பிணைப்பு. பணியாளர்கள் இதை பான்டிங் என்பர். ஒரு பொருளைப் பூமியோடு இணைப்பது புவி இணைப்பு. வீட்டு மின்சார வேலையில் எர்த் என்று சொல்வது இதுவே.

எரிபொருள் நிரப்பும்போது முதன்மையானது பிணைப்பு. பொறி பாய்வதற்குத் தேவை இரு பொருள்களுக்கு இடையே மின்னழுத்த வேறுபாடு. லாரியும் விமானமும் கம்பியால் பிணைக்கப்பட்டிருந்தால் இரண்டும் ஒரே மின்னழுத்தத்தில் இருக்கும். அப்போது நாசில் தொட்டியின் வாயைத் தொடும் இடத்தில் பொறி தோன்றக் காரணம் இல்லை. லாரியிலிருந்து விமானத்துக்குச் செல்லும் எரிபொருள் ஒருவகை மின்னூட்டத்தைக் கொண்டுபோகிறது. அதற்குச் சமமான எதிர் மின்னூட்டம் லாரியில் தங்குகிறது. பிணைப்புக் கம்பி வழியாக இவை இரண்டும் சேர்ந்து சமனாகிவிடுகின்றன.

அமெரிக்காவின் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கம் வெளியிடும் என்.எஃப்.பி.ஏ. 407 என்னும் விதித்தொகுப்பு, எரிபொருள் நிரப்பும்போது பிணைப்பைக் கட்டாயமாக்குகிறது. புவி இணைப்பை அவ்வாறு வற்புறுத்துவதில்லை. விமானக் கூடாரத்தில் நிறுத்திப் பழுதுபார்க்கும்போது, தரையில் பதிக்கப்பட்டுள்ள புவி முனையோடு விமானத்தை இணைப்பது வழக்கம்.

கம்பியை எங்கே மாட்டுவது என்பதும் முக்கியம். வண்ணப்பூச்சு ஒரு மின்காப்புப் பொருள். பூச்சின் மீது கிளிப்பை மாட்டினால் கம்பி தொங்கும், இணைப்பு இருக்காது. இதற்கென்றே விமானத்தில் பூச்சில்லாத உலோக முனைகள் குறிக்கப்பட்டிருக்கும். வானொலி அலைவாங்கி, வேகம் அளக்கும் குழாய் போன்றவற்றில் கிளிப்பை மாட்டுவது கூடாது. அடிக்கடி இழுத்துச் சுருட்டுவதால் கம்பியின் உள் இழைகள் அறுந்திருக்கலாம். வெளியே உறை நன்றாக இருப்பதால் இது தெரியாது. எனவே கம்பியின் தொடர்ச்சியை மீட்டர் கொண்டு குறித்த காலங்களில் சோதிக்க வேண்டும்.

எரிபொருளுக்குள் இருக்கும் மின்னூட்டம்

விமானமும் லாரியும் பிணைக்கப்பட்ட பின்னும் மூன்றாவது வகை எஞ்சியிருக்கிறது. மின்னூட்டம் பெற்ற எரிபொருள் தொட்டிக்குள் விழுகிறது. தொட்டியின் சுவர் உலோகம், பிணைக்கப்பட்டும் உள்ளது. ஆனால் நடுவில் உள்ள எரிபொருளின் மின்னூட்டம் சுவரை வந்தடைய நேரம் வேண்டும், ஏனென்றால் எரிபொருள் மின்சாரத்தை மிக மெதுவாகவே கடத்துகிறது. அதற்குள் திரவத்தின் மேற்பரப்புக்கும் தொட்டிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஓர் உலோகப் பகுதிக்கும் இடையே மின்னிறக்கம் நிகழலாம். இதை வெளியே மாட்டிய எந்தக் கம்பியாலும் தடுக்க முடியாது.

மின்னூட்டம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைய ஆகும் காலத்தைத் தளர்வு நேரம் என்பர். சேர்மம் எதுவும் கலக்காத தூய எரிபொருளின் மின்கடத்துத்திறன் மீட்டருக்கு 2 பைக்கோசீமென்ஸ் என்றால், தளர்வு நேரம் சுமார் 9 நொடி. மின்கடத்துத்திறன் 50 ஆக உயர்ந்தால் தளர்வு நேரம் அரை நொடிக்கும் குறைவு. எனவே நிலைமின் போக்கிச் சேர்மம் ஒன்றை எரிபொருளில் கலக்கிறார்கள். முதல்முறை கலக்கும்போது லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் சேர்ப்பதில்லை. இது மின்னூட்டம் உண்டாவதைத் தடுப்பதில்லை, உண்டானதை விரைவில் வெளியேற்றுகிறது. சேர்மம் கலந்த ஜெட் ஏ-1 எரிபொருளின் மின்கடத்துத்திறன் 50 முதல் 600 பைக்கோசீமென்சுக்குள் இருக்க வேண்டும் என்பது பன்னாட்டுத் தர வரம்பு. நீண்ட தூரம் கொண்டுசெல்லும்போதும் குளிரிலும் இந்த மதிப்பு குறையும் என்பதால் அதை மீண்டும் அளந்து பார்க்கிறார்கள்.

இதோடு இன்னும் சில முறைகளும் உண்டு. எரிபொருள் பாயும் வேகத்தைக் கட்டுப்படுத்தல், வடிகட்டியைக் கடந்த பின் தொட்டியை அடையும் முன் அது சிறிது நேரம் தங்கிச் செல்ல வழி செய்தல், மேலிருந்து தெளிக்காமல் தொட்டியின் அடியிலிருந்து நிரப்புதல் ஆகியவை அவை. லாரியின் தொட்டியில் முன்பு பெட்ரோல் இருந்து, அதன் ஆவி நீங்காத நிலையில் மண்ணெண்ணெய் வகை எரிபொருளை நிரப்புவது மிகவும் ஆபத்தானது. எளிதில் பற்றும் ஆவியும், மின்னூட்டம் பெற்ற திரவமும் அங்கே ஒன்றுசேர்கின்றன.

எரிபொருள் நிரப்பும் வரிசை

பெரிய விமானங்களில் இறக்கையின் அடியில் உள்ள இணைப்பில் அழுத்த முறையில் எரிபொருள் ஏற்றப்படுகிறது. அங்கே நாசிலும் விமானமும் உலோகத்தோடு உலோகமாகப் பூட்டிக்கொள்ளும். பயிற்சி விமானங்களில் இறக்கையின் மேல் உள்ள மூடியைத் திறந்து, பெட்ரோல் பங்கில் நிரப்புவது போலவே நிரப்புகிறார்கள். ஆவி வெளிக்காற்றில் கலப்பதால் இங்கே வரிசை மிக முக்கியம்.

1. எஞ்சின் நின்றிருப்பதையும், சக்கரங்களுக்குத் தடைக்கட்டை வைத்திருப்பதையும் உறுதி செய்தல்.
2. லாரியையும் விமானத்தையும் பிணைப்புக் கம்பியால் இணைத்தல்.
3. நாசிலில் உள்ள தனிக் கம்பியை விமானத்தின் குறித்த முனையில் மாட்டுதல்.
4. அதன் பிறகே தொட்டியின் மூடியைத் திறத்தல்.
5. நாசில் தொட்டியின் வாயைத் தொட்டுக்கொண்டிருக்கும்படி வைத்து நிரப்புதல்.
6. முடிந்ததும் முதலில் மூடியை மூடி, பிறகு நாசில் கம்பியையும், கடைசியாக லாரியின் பிணைப்புக் கம்பியையும் எடுத்தல்.

மூடியைத் திறந்த பின் கம்பியை மாட்டினால், மாட்டும் அந்த நொடியில் தோன்றும் பொறி ஆவியின் நடுவிலேயே தோன்றும். முன்பே மாட்டினால் அந்தப் பொறி ஆவி இல்லாத இடத்தில் தோன்றி அடங்கிவிடும். வரிசையின் காரணம் இவ்வளவுதான். நிரப்பும்போது நடுவில் கிளிப் கழன்றுவிட்டால், அவசரப்பட்டு மீண்டும் மாட்டக் கூடாது. முதலில் எரிபொருள் ஓட்டத்தை நிறுத்த வேண்டும். பிளாஸ்டிக் வாளி, பிளாஸ்டிக் புனல் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். பிளாஸ்டிக் மின்சாரத்தைக் கடத்தாததால் அதில் கம்பி மாட்டிப் பயனில்லை.

அருகில் மின்னலும் இடியும் இருந்தால் பணியை நிறுத்திவிடுவார்கள். பிணைப்புக் கம்பி நிலைமின்சாரத்துக்கானது, மின்னலுக்கு எதிரான பாதுகாப்பு அல்ல.

பிற தரைப்பணிகள்

தொட்டிக்குள் இறங்கி வேலை செய்தல்: ஆவியை வெளியேற்றி, அளந்து உறுதி செய்த பிறகே உள்ளே செல்ல வேண்டும். பருத்தி உடையே ஏற்றது. ஆபத்தான பகுதியில் நின்றபடி உடையைக் கழற்றுவதும் மின்னூட்டத்தை உண்டாக்கும்.

கழுவுதலும் வண்ணம் பூசுதலும்: எளிதில் பற்றும் கரைப்பான்களைக் கொண்டு துடைக்கும்போதும், வண்ணத்தைத் தெளிக்கும்போதும் விமானம், ஏணி, தெளிப்புக் கருவி ஆகிய அனைத்தும் பிணைக்கப்பட்டிருக்க வேண்டும்.

மின்னணுப் பெட்டிகளை மாற்றுதல்: சில நுண்சில்லுகள் 100 வோல்ட்டுக்கும் குறைவான மின்னிறக்கத்தில் கெட்டுவிடும். பணியாளருக்கு எதுவும் தெரியாது. பெட்டி அன்று வேலை செய்து, பின்னொரு நாள் பழுதாகலாம். ஆகவே மணிக்கட்டில் புவி இணைப்புப் பட்டையை அணிந்து, சிறப்பு உறைகளில் வைத்தே அவற்றைக் கையாள்கிறார்கள்.

ஹெலிகாப்டர்: தரைக்கு மேல் மிதந்துகொண்டு சுமையைத் தூக்கும் ஹெலிகாப்டருக்கு டயர் வழியான பாதையும் இல்லை. சுழலும் இறக்கைகள் காற்றையும் தூசியையும் வெட்டுவதால் உயர் மின்னழுத்தம் சேரும். கொக்கியைக் கையால் தொடும் முன், புவியோடு இணைத்த கோலால் தொட்டு மின்னூட்டத்தைப் போக்குவது நடைமுறை.

கரி இழை விமானங்கள்: போயிங் 787 விமானத்தின் எடையில் ஏறத்தாழ பாதி கரி இழை போன்ற கலப்புப் பொருள்களால் ஆனது. இவை அலுமினியத்தைப் போல் நன்றாகக் கடத்துவதில்லை. எனவே உள் இணைப்புகளும் கம்பி மாட்டும் முனைகளும் தனியாக வடிவமைக்கப்படுகின்றன.

வரலாற்றிலிருந்து

1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்கு அஞ்சல் விமானத்தை ஓட்டிவந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் அதைச் சென்னைக்குக் கொண்டுவந்தார். வழியில் அகமதாபாத்தில் பர்மா ஷெல் நிறுவனத்தின் பெட்ரோல் தகர டின்களில், மாட்டுவண்டியில் வந்தது. அக்காலத்தில் உலகெங்கும் சிறு விமானங்களுக்குப் புனல் வைத்து, நீரைப் பிரிக்க மெல்லிய தோலில் வடிகட்டி ஊற்றும் பழக்கம் இருந்தது. அந்தத் தோலே மின்னூட்டத்தை உண்டாக்கும் வடிகட்டி என்பது பின்னாளில் எச்சரிக்கையாக எழுதப்பட்டது.

1937 மே 6 அன்று அமெரிக்காவின் லேக்ஹர்ஸ்ட் தளத்தில் தரையிறங்கிக்கொண்டிருந்த ஹிண்டன்பர்க் வான்கப்பல் தீப்பிடித்தது. அதிலிருந்த 97 பேரில் 35 பேரும், தரைப் பணியாளர் ஒருவரும் இறந்தனர். கட்டுவதற்காகக் கீழே விட்ட கயிறுகள் ஈரமானபோது உலோகச் சட்டகம் புவியோடு இணைந்தது, ஆனால் வெளித்துணியின் மின்னூட்டம் அப்படியே நின்றது, இரண்டுக்கும் இடையே தோன்றிய பொறி கசிந்த ஹைட்ரஜனைப் பற்றவைத்தது என்பது பரவலாக ஏற்கப்படும் விளக்கம். ஒரு பகுதி புவியோடு இணைந்துவிட்டால் எல்லாப் பகுதியும் இணைந்துவிட்டதாகப் பொருளில்லை என்ற பாடம் இதில் உள்ளது.

1964 ஏப்ரல் 14 அன்று அமெரிக்காவின் கேப் கென்னடியில், டெல்டா ஏவூர்தியின் மூன்றாம் நிலைத் திட எரிபொருள் மோட்டார் சோதனைக் கூடத்துக்குள்ளேயே பற்றிக்கொண்டது. மூன்று பேர் இறந்தனர். நிலைமின்சாரமே காரணம் எனக் கண்டறியப்பட்டது.

அடிக்கடி காணப்படும் தவறான கருத்துகள்

"நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம், நிலைமின்சாரம் நிற்காது." உடை, தரை போன்ற மேற்பரப்புகளுக்கு இது ஓரளவு சரி. ஆனால் குழாய்க்குள் ஓடும் எரிபொருளைக் காற்றின் ஈரம் தொடுவதில்லை. சென்னைக் கடற்கரைக் காற்றிலும் வடிகட்டிக்குள் மின்னூட்டம் உண்டாகும். மேலும் நம் உள்மாவட்டங்களில் பங்குனி, சித்திரை நண்பகலில் காற்று வறண்டே இருக்கும்.

"டயர் கடத்துகிறதே, கம்பி எதற்கு?" டயர் விமானத்தின் மின்னூட்டத்தைத் தரைக்கு அனுப்பலாம். நாசிலுக்கும் தொட்டியின் வாய்க்கும் இடையே உள்ள வேறுபாட்டை நிச்சயமாக நீக்குவது பிணைப்புக் கம்பி.

"இத்தனை ஆண்டுகளாகக் கம்பி இல்லாமலே நிரப்பினோம், ஒன்றும் ஆகவில்லை." தீப்பிடிக்க ஆவி, காற்று, போதிய ஆற்றலுள்ள பொறி ஆகிய மூன்றும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் கூட வேண்டும். பெரும்பாலான நாள்களில் ஏதோ ஒன்று குறைந்திருக்கும். கூடும் நாள் எது என்பது முன்கூட்டித் தெரியாது.

மாணவர்கள் கவனித்துப் பார்க்க

இந்த அறிவியலைக் காண வானூர்தி நிலையத்துக்குள் செல்ல வேண்டியதில்லை. பெட்ரோல் பங்கில் டேங்கர் லாரி நிலத்தடித் தொட்டிக்கு எரிபொருளை இறக்கும்போது, பாதுகாப்பான தொலைவில் நின்று கவனித்தால், லாரியின் உடலில் மாட்டிய எர்த் கம்பியைக் காணலாம். குழாயை இணைக்கும் முன் அதை மாட்டுகிறார்களா, கழற்றிய பின் எடுக்கிறார்களா என்று பாருங்கள். சில பழைய லாரிகளில் தரையைத் தொட்டுத் தொங்கும் சங்கிலியையும் கண்டிருப்பீர்கள். அதுவும் இதே பாடநூல் பகுதியில் கேள்வியாக வருவதுதான்.

வீட்டுக்குப் பெட்ரோல் வாங்க நேர்ந்தால், இரு சக்கர வாகனத்தின் மீதோ மடியிலோ பாத்திரத்தை வைத்து நிரப்பக் கூடாது. அதற்கென அனுமதிக்கப்பட்ட கலனைத் தரையில் வைத்து, நாசில் அதன் வாயைத் தொட்டிருக்க, மெதுவாக நிரப்ப வேண்டும். பெட்ரோல், மண்ணெண்ணெய் ஆகியவற்றைக் கொண்டு நிலைமின் சோதனை எதையும் செய்து பார்க்க வேண்டாம். அதற்குச் சீப்பும் காகிதத் துண்டுகளும் போதும்.

தொகுப்பு

விமானத்தின் உடலில் சேரும் மின்னூட்டத்துக்கு மின்கடத்தும் டயரும், கூடாரத்தில் புவி இணைப்பும் வழி செய்கின்றன. பொருள்களுக்கு இடையேயான வேறுபாட்டைப் பிணைப்புக் கம்பி நீக்குகிறது. எரிபொருளுக்குள் இருக்கும் மின்னூட்டத்துக்கு நிலைமின் போக்கிச் சேர்மமும், கட்டுப்படுத்திய வேகமும், தேவையான நேரமும் விடை. ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யாது. பாடநூலில் இரண்டு வரியில் முடிந்துவிடும் இந்த விடையை, தளத்தில் நிற்கும் பணியாளர் ஒவ்வொரு விமானத்துக்கும் கையால் செய்து காட்டுகிறார். மூடியைத் திறக்கும் முன் அவர் மாட்டும் அந்தக் கிளிப்பில், விமானத்தில் ஏறப்போகும் அனைவரின் பாதுகாப்பும் அடங்கியிருக்கிறது.